பழைய அவுட்போர்டு எஞ்சின்ல கியர் இறுகிப்போச்சா? லிவர்ல பலம் போடுறதுக்கு முன்னாடி இத வாசிச்சிருங்க

போன சீசன் குமரி மாவட்டம் தேங்காப்பட்டணம் பொழியில (ஆறு கடல்ல சேர்ற வாய்) ஆத்துக்குள்ள நிக்குற வள்ளத்துல இருந்து எழுதுறேன்னு வச்சுக்கோங்க, ஏன்னா அன்னைக்கு நான் பட்ட பாடு அப்படியே கண்ணுல நிக்குது. ரெண்டு மாசம் ஷெட்டுல சும்மா கிடந்த, வள்ளத்துக்குப் பின்னாடி வெளிய மாட்டுற பழைய 40 ஹெச்.பி எஞ்சின், பூவாறு பக்கம் செகண்ட் ஹேண்டா வாங்கினது, கொண்டு வந்து மாட்டி கியர் லிவர புடிச்சா ஃபார்வேர்டுலயே நிக்குது, இந்தப் பக்கமும் வரல அந்தப் பக்கமும் போகல. ஸ்டார்ட்டர் கயித்த இழுத்தா கயிறும் வரல. நான் என்ன பண்ணேன், ரெண்டு கையாலயும் லிவர புடிச்சு காலால முட்டுக் குடுத்து இழுத்தேன். லிவர் வளைஞ்சுது, கியர் விழல. அதுக்கப்புறம் ஒரு ஒர்க்ஷாப்புல காட்டினா திறந்துகூட பாக்காம கியர்கேஸ் (தண்ணிக்குள்ள நிக்குற கியர் பெட்டி) முழுசா மாத்தணும், பழசு கிடைச்சாலே 26,000 ஆகும்னாங்க. கடைசியில பாத்தா கோளாறு கியர்கேஸுக்கு உள்ளயே இல்ல. அதனாலதான் புதுசா பழைய எஞ்சின் வாங்கி இறக்குறவங்களுக்காக இத ஒண்ணு ஒண்ணா எழுதுறேன்.

ஒரு விஷயத்த மட்டும் மனசுல வச்சுக்கோங்க. நீங்க புடிக்கிற லிவர்ல இருந்து தண்ணிக்குள்ள இருக்குற கியர் வரைக்கும் ஒரு சங்கிலி மாதிரி போகுது: லிவர், அதோட ஷாஃப்ட்டும் புஷ்ஷும், ரிமோட் (எஞ்சினுக்குத் தள்ளி இருந்து கியர் போடுற லிவர்) வச்ச வள்ளம்னா கேபிள், அப்புறம் லெக் (எஞ்சினுக்கும் கியர்கேஸுக்கும் நடுவுல உள்ள கால்) வழியா கீழ இறங்குற ஷிஃப்ட் ராடு, அதுக்கு கீழ கியர்கேஸுக்குள்ள கேம், பிளஞ்சர், டாக் கிளட்ச்னு கியர மாத்தி விடுற பாகங்கள். இறுகினது இதுல எந்த இடம்னு கண்டுபுடிக்கிறதுதான் பாதிக்கு மேல வேலை. அது தெரியாம பலம் போட்டா நல்லா இருக்குற பாகம்தான் முதல்ல உடையும்.

1. நெஜமாவே இறுகியிருக்கான்னு பாருங்க

நிறைய பேரு இங்கதான் ஏமாறுறாங்க. எஞ்சின் ஓடாம நிக்கும்போது கியர் லேசா மாறாது, அது கோளாறு இல்ல. டாக் கிளட்ச்சோட பல்லும் கியரோட பல்லும் நேருக்கு நேரா முட்டிக்கிட்டு நின்னா லிவர் அசையாது. அப்ப என்ன செய்யணும்னா, ஸ்பார்க் பிளக் வயர எல்லாம் கழட்டி வைங்க, கில் சுவிட்ச் கயிறையும் எடுத்துடுங்க, முடிஞ்சா பிளக்கையும் கழட்டுங்க, அப்பதான் கம்ப்ரஷன் இல்லாம லேசா சுத்தும். த்ராட்டில் ஸ்லோவுல இருக்கணும். அப்புறம் ஒருத்தர் ப்ரொப்பல்லர கையால மெதுவா முன்னும் பின்னும் சுத்த, இன்னொருத்தர் லிவர சாதாரண பலத்துல தள்ளிப் பாக்கணும். டக்குனு விழுந்துச்சுன்னா உங்க எஞ்சினுக்கு ஒண்ணுமே இல்ல, கடலுக்குப் போங்க.

ஸ்டார்ட்டர் கயிறு வரலன்னா எஞ்சின் சீஸ் ஆகி உள்ள இறுகிடுச்சுன்னு பதறாதீங்க. கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆகக்கூடாதுன்னு பல மாடல்ல ஒரு லாக் வச்சிருக்கான், அது கயித்த புடிச்சுக்கும். கியர் நியூட்ரலுக்கு வந்தா கயிறும் தானா வரும். இந்த லாக்க கழட்டி விட்டுட்டு கியர்லயே ஸ்டார்ட் பண்ணலாம்னு கரையில யாராவது யோசனை சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க. எஞ்சின் புடிச்ச உடனே வள்ளம் துள்ளும், கயிறு இழுத்துட்டு நிக்குற ஆளு தண்ணியில விழுவாரு, ப்ரொப்பல்லர் சுத்திட்டு இருக்கும்.

ப்ரொப்பல்லரே அசையலன்னா அதைக் கழட்டி பின்னாடி பாருங்க. எங்க பக்கம் நைலான் நூலும் வலைத் துண்டும் ஷாஃப்ட்டுல சுத்தி இறுகிக் கிடக்குறது சாதாரணம். அந்த நூலு சும்மா இருக்காது, ஆயில் சீல அறுத்துடும், அது வழியா உப்புத் தண்ணி உள்ள போகும். நூலு இருந்தா எடுத்துட்டு நேரா 6ஆவது ஸ்டெப்ப படிங்க.

2. கழட்டுறதுக்கு முன்னாடி பேப்பரும் போட்டோவும்

இது வெட்டி வேலைன்னு நினைப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். எஞ்சின வள்ளத்துல மாட்டுற கிளாம்ப் பிராக்கெட்டுல ஒரு தகடு இருக்கும், அதுல மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்கும். அதை ஈரத் துணியால துடைச்சு தெளிவா போட்டோ எடுங்க, உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, எழுத்து போயிடும். அந்த மாடல் நம்பர் இல்லாம பார்ட்ஸ் கடையில போய் நின்னா பாத்தா ஒண்ணு போல இருக்குற வேற மாடல் இம்பெல்லர (எஞ்சின குளிர வைக்கிற தண்ணிய ஏத்துற ரப்பர் விசிறி) குடுத்து அனுப்பிடுவாங்க, எனக்கு ஒரு நாள் அப்படியே போச்சு.

வாங்கும்போது குடுத்த பில் காப்பி, வித்தவரு கையெழுத்துப் போட்ட விற்பனைக் கடிதம், வள்ளத்தோட ரெஜிஸ்ட்ரேஷன் காப்பி, மூணையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க. ஊரம்பு, களியக்காவிளை வழியா எஞ்சின ஆட்டோவுல ஏத்தி கேரளா பக்கம் கொண்டு போனா நடுவுல நிறுத்தி யாரு எஞ்சின்னு கேக்கலாம், அப்ப இதுதான் பேசும். மானிய மண்ணெண்ண பெர்மிட்டு வாங்குறவங்களுக்கும் எஞ்சின் நம்பர் முக்கியம். கியர்கேஸ மாத்தினா அந்த நம்பருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா பழசுல இருந்து கிளாம்ப் பிராக்கெட்ட கழட்டி மாட்டினீங்கன்னா உங்க எஞ்சின்ல வேற ஒருத்தரோட நம்பர் வந்துடும். அந்த வம்பு வேண்டாம்.

3. எப்ப ஆரம்பிக்கிறது, என்னென்ன வேணும்

மூணு நாள் கைவசம் வச்சுக்கிட்டு இறங்குங்க. வேலை அவ்வளவு கிடையாது, எண்ணெய் ஊறுறதுக்குத்தான் நேரம். மறுநாள் காலையில கடலுக்குப் போகணும்னு வச்சுக்கிட்டு ராத்திரி உக்காந்தா அவசரத்துல எதையாவது உடைப்பீங்க. மெக்கானிக்க நம்பி இருக்குறவங்க இன்னொண்ணு கவனிங்க. நம்ம மேற்குக் கரையில ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்குத் தடை, கேரளாவுல ஜூன் 9 ராத்திரி தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங் தடை. அந்தத் தடை அவுட்போர்டு வச்ச வள்ளத்துக்கு கிடையாதுங்கறதால அங்க உள்ள அவுட்போர்டு மெக்கானிக்குகளுக்கு அப்பதான் வேலை குவியும். மே முதல் பாதியில கொண்டு போனா நின்னு பாத்துக் குடுப்பாங்க.

சாமான்னு பெருசா ஒண்ணும் இல்ல. 10, 12, 14, 17 சைஸ் சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும், பெரிய மைனஸ் ஸ்க்ரூடிரைவர், கொரடு, ரப்பர் சுத்தியல், துரு இளக்குற ஸ்பிரே, மெரைன் கிரீஸ், 90 நம்பர் அவுட்போர்டு கியர் ஆயில், ஆயில் பிளக்குக்கு புது வாஷர். ஓபன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம், போல்ட் தலைய உருட்டிடும். எஞ்சின தொங்கவிட ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கெட்டிப் பலகை அடிச்ச ஸ்டாண்டு வேணும், தூக்க ரெண்டு ஆளாவது வேணும்.

4. சங்கிலிய நடுவுல பிரிங்க

இதுதான் மொத்த வேலையோட சாவி. ஷிஃப்ட் ராடு மேல்துண்டு கீழ்த்துண்டுன்னு ரெண்டா வந்து ஒரு இடத்துல ஜாயின்ட் ஆகும். பல மாடல்ல லெக்கோட முன்பக்கம் ஒரு நீள நட்டும் அதுக்கு ஒரு லாக் நட்டும் இருக்கும், சிலதுல ரப்பர் மூடிய எடுத்தாதான் தெரியும், சிலதுல மேல கவருக்குள்ளயே இருக்கும். டார்ச் அடிச்சு தேடுங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி எத்தன மரை வெளிய தெரியுதுன்னு எண்ணி எழுதி வைங்க, பெயின்ட்ல ஒரு கோடும் போடுங்க, போட்டோவும் எடுங்க. இந்த நட்டோட நிலைதான் நியூட்ரல் எங்க வரணும்னு தீர்மானிக்குது. ரெண்டு மூணு மரை தப்பாச்சுன்னா ஃபார்வேர்டு சரியா விழும், ரிவர்ஸ் பாதிதான் விழும், பாதி விழுந்த கியர் பல்ல தின்னுடும்.

பிரிச்சாச்சா? இப்ப லிவர அசைச்சுப் பாருங்க. லிவர் லேசா ஆடினா கோளாறு கீழ இருக்கு. அப்பவும் இறுக்கமாவே நின்னா கோளாறு மேல, கியர்கேஸ தொடவே வேண்டாம். ஒரு ஸ்பேனர் வேலையில உங்களுக்கு விடை கிடைச்சுது. என்கிட்ட 26,000 சொன்ன எடத்துல இந்த ஒரு சோதனையாவது செஞ்சிருக்கலாம்.

5. மேல இறுகியிருந்தா

லிவர் ஷாஃப்ட் அடிக்கவர துளைச்சு உள்ள போற இடத்துல நைலான் புஷ்ஷு ரெண்டும் அலைவாஷர் ஒண்ணும் இருக்கும், பக்கத்துல கியர் நிலைய புடிச்சு நிறுத்துற இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். பழைய கிரீஸு உப்போட சேந்து மெழுகு மாதிரி கெட்டியாயிருக்கும். ஷாஃப்ட்ட வெளிய எடுத்து மண்ணெண்ணையில கழுவி, புஷ்ஷு வெடிச்சிருந்தா மாத்தி, மெரைன் கிரீஸ் தடவி மாட்டினா முடிஞ்சுது. அரை நாள் வேலை. அந்தக் குண்டையும் ஸ்பிரிங்கையும் கழட்டும்போது ஒரு துணிய மேல போட்டு புடிச்சுக்கோங்க, தெறிச்சு மணல்ல விழுந்தா கிடைக்காது.

ரிமோட் கேபிள் இருக்குறவங்க எஞ்சின் பக்கத்து முனைய கழட்டி கையால இழுத்துப் பாருங்க. இறுக்கமா இருந்தா கேபிள மாத்துங்க. உள்ள துருப்பிடிச்ச கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டுனா ரெண்டு நாள் வரும், மூணாம் நாள் பொழி முகத்துல அலை வரும்போது நிக்கும்.

6. கீழதான்னு தெரிஞ்சா முதல்ல ஆயில பாருங்க

கியர்கேஸ உடனே இறக்க வேண்டாம். எஞ்சின ஒரு ராத்திரி நேரா நிக்க விடுங்க, உள்ள தண்ணி இருந்தா அடியில தங்கும். காலையில கீழ் பிளக்க கொஞ்சமா மட்டும் தளர்த்துங்க. முதல்ல தண்ணி சொட்டினா சீல் போயிருக்கு. அப்புறம் மேல் பிளக்கையும் திறந்து முழுசும் ஒரு வெள்ளை டப்பாவுல வடிங்க. நல்ல ஆயில் தெளிவா வழியும். பால் ஊத்தின டீ மாதிரி இருந்தா தண்ணி கலந்துருக்கு. துரு நிறத்துல வந்தா ரொம்ப நாளா கலந்துருக்கு, கிளட்ச்சும் பிளஞ்சரும் உள்ள துருப்பிடிச்சு ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பிளக்குல காந்தம் இருந்தா அதுல சாம்பல் நிறத்துல மாவு மாதிரி ஒட்டியிருக்குறது தேய்மானம்தான், பயப்படாதீங்க. நகத்துல புடிக்கிற அளவு இரும்புச் சில் வந்தா கியர் பல்லு போச்சு, நேரா மெக்கானிக்குகிட்ட போங்க.

எனக்கு ஆயில் நல்லாவே இருந்துது. அப்பதான் கியர் உள்ள நல்லா இருக்கு, கோளாறு ராடு உள்ள நுழையிற வாயிலதான்னு சந்தேகம் வந்துது.

7. கியர்கேஸ இறக்குறது

லெக்குக்கும் கியர்கேஸுக்கும் நடுவுல நாலோ ஆறோ போல்ட் இருக்கும். சில மாடல்ல ப்ரொப்பல்லருக்கு மேல தொங்குற சின்னத் துடுப்புக்கு பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். அந்தத் துடுப்பு எந்தக் கோணத்துல இருக்குன்னு கோடு போட்டுட்டு கழட்டுங்க, இல்லன்னா அப்புறம் வள்ளம் ஒரு பக்கமா இழுக்கும்.

இங்கதான் பொறுமை வேணும். போல்ட் ஸ்டீலு, கேஸ் அலுமினியம், நடுவுல உப்புத் தண்ணி. ரெண்டு உலோகமும் உப்புத் தண்ணியில ஒட்டி நின்னா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா மாறி மரைக்குள்ள சிமென்ட் போட்ட மாதிரி இறுகிடும். போல்ட்டச் சுத்தி ஸ்பிரே அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க, காலையில ஒருதடவ அடிங்க. போல்ட் தலையில நேரா ரெண்டு தட்டு தட்டுங்க. அப்புறம் முதல்ல கொஞ்சம் முறுக்குற பக்கமா அசைச்சு, அப்புறம் திறக்குற பக்கமா, கால் சுத்து திறந்தா அரைக்கால் திரும்ப முறுக்கி, ஸ்பிரே அடிச்சு, இப்படியே வாங்க. கீச்சுனு சத்தம் வந்தா நல்லது, போல்ட் நகருது. சத்தமே இல்லாம கைக்கு மெத்துனு இழுபட்டா நிறுத்துங்க, போல்ட் முறுகி உடையப் போகுது. அப்ப சூடு காட்டுங்க, ஹாட் ஏர் கன் போதும். கேஸ் அடுப்பு தீய நேரா காட்டினா சீலும் பெயின்ட்டும் போகும், பக்கத்துல பெட்ரோல் டேங்க் இருந்தா ஆபத்து வேற. எனக்கு ஒண்ணு உடைஞ்சுது, அத லேத்துல குடுத்து எடுத்தேன், 300 ரூபா.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் கேஸ் இறங்கலன்னா ஸ்க்ரூடிரைவர நடுவுல குத்தி நெம்பாதீங்க, ஓரம் உடைஞ்சா வாழ்க்கை முழுக்க அங்க சேராது. ரப்பர் சுத்தியலால ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தட்டி, இன்னொருத்தர் கீழ ஆட்டி இழுக்கணும்.

8. ராடு நுழையிற வாய்

இறக்கின கியர்கேஸ மேல இருந்து பாருங்க, முன்னாடி ஒல்லியா நிக்குறதுதான் ஷிஃப்ட் ராடு. அது உள்ள போற இடத்துல ஒரு சின்ன ஹவுசிங்கும் ரப்பர் உறையும் இருக்கும். என் எஞ்சின்ல அந்த உறையே தெரியல, ராடச் சுத்தி ஒரு வெள்ளைப் படலம், முட்டை ஓடு கனத்துக்கு, தொட்டா கரகரன்னு இருந்துது. மொத்த கோளாறும் அந்த ஒரு விரல் அகலத்துலதான்.

உப்புக்கு முதல் மருந்து எண்ணெய் இல்ல, நல்ல தண்ணி. பக்கத்து டீக்கடையில ஒரு பாத்திரம் வெந்நீர் வாங்கி மெதுவா ஊத்தி ஊத்தி ஊற விட்டேன், நாலஞ்சு தடவ. ஈர்க்கில் குச்சிய சாய்வா சீவி அந்தப் படலத்த சுரண்டி எடுத்தேன், இரும்பால சுரண்டினா ராட்டுல கீறல் விழும், அந்தக் கீறல் வழியா திரும்பத் தண்ணி இறங்கும். நல்லா காய விட்டு அப்புறம் ஸ்பிரே, ஒரு ராத்திரி. மறுநாள் ராட்ட கொரடால மரை படாம துணி சுத்திப் புடிச்சு மயிரிழை அளவு அசைச்சேன், சில மாடல்ல மேல கீழ நகரும், சிலதுல திரும்பும், எதுன்னு மேல் ஜாயின்ட்ட பாத்தே புரியும். அரை மணி நேரத்துல முழு தூரமும் வந்துது. பழைய ரப்பர் உறைய மாத்தினேன்.

இப்ப கீழயே வச்சு சோதிங்க. டிரைவ் ஷாஃப்ட்ட (எஞ்சின்ல இருந்து கியருக்கு இறங்குற தண்டு) மேல இருந்து பாக்கும்போது கடிகாரம் சுத்துற பக்கமா மட்டும் சுத்துங்க, எதிர்ப்பக்கம் சுத்தினா இம்பெல்லர் இறக்கை மடங்கும். ராட்ட மூணு நிலையிலயும் வச்சுப் பாருங்க: ஒண்ணுல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் முன்னோக்கி, ஒண்ணுல பின்னோக்கி, நடுவுல சும்மா. மூணும் தெளிவா வந்தா உள்ள சுகம்.

ராடு லேசா ஓடியும் கியர் மாறலன்னா கோளாறு கிளட்ச்சுலயோ பிளஞ்சர்லயோ இருக்கு. அதுக்கு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஹவுசிங்க வெளிய இழுக்கணும், புல்லர்ங்குற இழுக்குற கருவி இல்லாம அது வராது, உள்ள ஷிம் (இடைவெளிய சரிபண்ற மெல்லிய தகடு) கணக்கு இருக்கு. அந்த இடத்துல நான் நிறுத்திடுவேன், நீங்களும் நிறுத்துங்க. இறக்கின கியர்கேஸ மட்டும் சாக்குல சுத்தி கொண்டு போங்க, முழு எஞ்சின தூக்கிட்டுப் போற வண்டிக் காசும் கழட்டுற கூலியும் மிச்சம். ஆயில் எப்படி இருந்துது, எந்த நிலையில நிக்குதுன்னு நீங்களே சொல்லிட்டா மெக்கானிக் சேட்டனும் உங்கள ஏமாத்த மாட்டாரு, அவருக்கும் தேடுற நேரம் குறையும்.

9. திரும்ப மாட்டும்போது

இவ்வளவு தூரம் இறக்கியாச்சு, வாட்டர் பம்ப் இம்பெல்லர இப்பவே மாத்திடுங்க, அதுக்காக இன்னொரு தடவ இறக்க முடியாது. டிரைவ் ஷாஃப்ட்டோட பல்லுல சுத்தி மட்டும் கிரீஸ் தடவுங்க. உச்சந்தலையில வைக்காதீங்க, மேல இடமில்லாம கிரீஸே தடுத்து கேஸ் முழுசா ஏறாது, நீங்க போல்ட்ட முறுக்கி ஏத்துனா எதையாவது உடைப்பீங்க. தண்ணிக் குழாய் பம்புல நேரா இறங்குதான்னு கவனிங்க. போல்ட் மரையெல்லாம் கிரீஸ் போட்டு கையால முதல்ல ஏத்துங்க. ஷிஃப்ட் ராட்ட கழட்டின அதே நிலையில, எண்ணி வச்ச அதே மரையில ஜாயின்ட் பண்ணி லாக் நட்ட இறுக்குங்க.

கியர் ஆயில கீழ் துளை வழியா ஏத்தணும், மேல் துளையில குமிழி இல்லாம வழியிற வரைக்கும். முதல்ல மேல் பிளக்க மூடிட்டுத்தான் கீழ இருந்து குழாய எடுக்கணும். வாஷர் ரெண்டும் புதுசு.

எனக்கு ஆன செலவு: ஸ்பிரே 380, கியர் ஆயில் 420, வாட்டர் பம்ப் கிட் 1,650, வாஷர் 40, ராடு ரப்பர் உறை 220, கிரீஸ் 180, லேத் 300, பூவாறு வரைக்கும் பார்ட்ஸுக்கு ரெண்டு தடவ ஆட்டோ 1,200. மொத்தம் 4,390. ஆட்டோவுல ஒரு தடவ மாடல் நம்பர் இல்லாம போனதுக்கு. வளைஞ்ச லிவர நானே நிமித்திட்டேன்.

10. டிரம்ல ஓட்டிப் பாருங்க

பெரிய பிளாஸ்டிக் டிரம்ல நல்ல தண்ணி, தண்ணி மட்டம் ப்ரொப்பல்லருக்கு மேல உள்ள தட்டையும் தாண்டி நிக்கணும். தண்ணியில்லாம ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீங்க, புது இம்பெல்லர் கருகிடும். ப்ரொப்பல்லர கழட்டி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, டிரம் உடையாது, கையும் தப்பும். ஐட்லிங்ல மட்டும் ஃபார்வேர்டு, நியூட்ரல், ரிவர்ஸ் மாத்துங்க. கரகரன்னு அரைக்கிற சத்தம் தொடர்ந்து வந்தா ராடு அட்ஜஸ்ட்மென்ட் தப்பு, நிறுத்திட்டு 4ஆவது ஸ்டெப்புக்கு திரும்பிப் போங்க. நியூட்ரல்ல ஷாஃப்ட் சும்மா நிக்கணும் இல்லன்னா சோம்பலா சுத்தணும், பலமா சுத்தக் கூடாது.

கடல்ல ஓட்டும்போதும் கியர மெதுவா தடவித் தடவி போடுற பழக்கம் சிலருக்கு இருக்கு, எஞ்சினுக்கு இரக்கம் காட்டுறதா நினைச்சு. பல்லு பல்ல உரசிட்டே நிக்கும், முனை மழுங்கும். ஸ்பீட முழுசா குறைச்சுட்டு ஒரே வீச்சுல டக்குனு போடுங்க. கரைக்கு வந்த பிறகு அதே டிரம் தண்ணியில அஞ்சு நிமிஷம் ஓட்டி உப்ப கழுவுங்க. கடலுக்குப் போகாத மாசத்துல வாரம் ஒருதடவ ஷெட்டுக்குப் போய் ப்ரொப்பல்லர கையால சுத்திக்கிட்டே லிவர மூணு நிலைக்கும் மாத்தி விடுங்க, நான் இப்ப ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்ற வழியில அத செஞ்சுட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்.